கோலி உருளாத இடம்

நவம்பர் மாதத்தின் இரண்டாம் வாரம். மாலை நான்கு மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டிருந்தது. வேல்ஸ் எல்லையோரத்து மலைச்சரிவில், இருபுறமும் முட்புதர் வேலிகள் நெருக்கிய ஒற்றைத்தடச் சாலையில் ஊர்ந்து வந்த மெரிக், தன் பேருந்தை ஐட்ரிஸ் பியூ என்பவரின் பண்ணைக்குள் மெல்லத் திருப்பினான். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து அது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அலமாரியும் விறகடுப்பும், கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே செல்லும் புகைபோக்கியும் பொருத்தி, அவனும் அவன் மனைவி பிரையனியும் அதை வீடாக்கி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் மார்னி அதற்குள்ளேயே பிறந்தவள். அவளுக்கு ஆறு வயது.

வீடு இருந்தது. அதை நிறுத்தி வைக்க இடம்தான் இல்லை.

செப்டம்பர் முதல் ஏழு இடங்களிலிருந்து அவர்கள் கிளப்பப்பட்டிருந்தார்கள். எல்லா இடங்களிலும் நடந்தது ஒன்றுதான். முதலில் எங்கோ ஒரு நாய் குரைக்கும். பிறகு ஒரு கார் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கடந்து போகும். இரண்டொரு நாளில், இடத்தைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் முன்கண்ணாடியில் ஈரத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். மார்னி மூன்று பள்ளிகளில் சேர்ந்து, மூன்றிலிருந்தும் நின்றுபோயிருந்தாள். அவளுடைய இருமல் மட்டும் எல்லா இடங்களுக்கும் கூடவே வந்தது.

இந்த நிலையில்தான் பியூவிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. மார்ச்சில் இறந்துபோன ஹெஸ்டர் அம்மையார் இருந்த இடம் காலியாகவே கிடக்கிறது, விரும்பினால் வரலாம் என்று எழுதியிருந்தார். பிரையனி அதைப் படித்துவிட்டு அழுதாள். மெரிக் அதைப் படித்துவிட்டு, நின்றுகொண்டிருந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

களஞ்சியத்தின் பின்புறம், காற்று எட்டாத மூலையில் அந்த இடம் இருந்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். சற்றுத் தள்ளி, கற்களுக்கிடையே இறங்கும் ஓடை. ஹெஸ்டர் அம்மையாரின் பச்சைப் பேருந்து பதினோரு ஆண்டுகள் அங்கே நின்றிருந்தது. கோடையில் அவருடைய தங்கை வந்து அதை இழுத்துச் சென்றுவிட்டார். பேருந்தின் நீள அகலத்தில் ஒரு செவ்வகம் மட்டும் புல் முளைக்காமல் வெளுத்துக் கிடந்தது. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் கொடுத்திருந்த பலகைகள் மண்ணில் புதைந்து அப்படியே இருந்தன.

மெரிக் பின்னோக்கி வண்டியை நகர்த்தினான். நான்கு சக்கரங்களும் அந்த நான்கு பலகைகளின் மீது ஒரே நேரத்தில் ஏறி நின்றன.

இரண்டு பேருந்துகளும் ஒரே நீளம் அல்ல என்பதை அவன் அறிவான்.

பேருந்தில் வாழ்பவர்கள் எங்கே நின்றாலும் முதலில் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சமமில்லாவிட்டால் தூக்கத்தில் தலைக்கு இரத்தம் ஏறும். வாணலியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்தச் சோதனை மார்னியின் பொறுப்பு. அவள் தன் நீலக் கோலியை நடுத்தளத்தில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வழக்கமாக ஆறு ஏழு முறை பலகை மாற்றிய பிறகே கோலி நிற்கும்.

"அப்பா, மொத தடவையே நிக்குது," என்றாள்.

"ஹெஸ்டர் நமக்காகச் சரி பண்ணி வச்சிட்டுப் போயிருக்காங்க பாரு," என்றாள் பிரையனி.

மெரிக் வெளியே போய், சரிசெய்ய எதுவும் இல்லாத சக்கரங்களைச் சுற்றி வந்தான்.

பியூ ஒரு தள்ளுவண்டியில் விறகும் ஒரு குடுவைப் பாலும் கொண்டு வந்தார். எழுபதை நெருங்கும், தோள் அகன்ற மனிதர். இந்தப் பழைய வண்டி மேடேறிய சத்தத்தில் தன் பசுக்கள் இரண்டு பாலை நிறுத்திவிட்டதாகவும், குடுவையில் இருப்பதுதான் கடைசிப் பால் என்றும் சிரிக்காத முகத்தோடு சொன்னார். மார்னி நம்பிவிட்டாள். அவளைச் சிரிக்க வைத்த பிறகு, அவர் மெரிக்கைத் தனியே அழைத்துச் சென்றார்.

"இங்க ஒரே ஒரு பஸ்தான் நிக்கலாம்னு கவுன்சில்ல எழுதிக் குடுத்திருக்காங்க. மார்ச்ல உங்கள அனுப்ப வேண்டி வந்தது அதனாலதான். மனசுல வச்சுக்காதப்பா."

"ஐயோ, இல்லீங்க மிஸ்டர் பியூ."

"கதவ ஒடச்சு ஹெஸ்டர வெளிய தூக்கிட்டு வந்தவன் நீ. இந்த இடம் வேற யாருக்குப் போகணும், சொல்லு."

மெரிக் நன்றி என்றான்.

நடந்தது இதுதான். கடந்த மார்ச் மாதத்தில் ஹெஸ்டர் அம்மையார் தம் இடத்துக்குப் பக்கத்திலேயே மூன்று வாரம் தங்கிக்கொள்ளும்படி அவர்களை அழைத்திருந்தார். மார்னிக்கு ஆரஞ்சுத் தோலை அடுப்பின் மேல் காயவைத்து வாசம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். நச்சுப்புகை சேர்ந்தால் அலறும் வெள்ளைக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. பிள்ளை இருக்கிற வண்டியில்தான் அது இருக்க வேண்டும் என்று சொல்லி, தம் சுவரிலிருந்து கழற்றி அவர்கள் சுவரில் மாட்டினார். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் மெரிக், இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடலாமா என்று கேட்டான். முடியாதப்பா, ஒரு பஸ்ஸுக்குத்தான் அனுமதி என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தத்தை நம்ப மனமில்லாமல், இரண்டு நாள் அவன் அவரோடு பேசவில்லை.

பேருந்தில் வாழ்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வண்டிக்காரர் ஊருக்குப் போயிருந்தால், மழை இறங்கி அடுப்பு துருப்பிடிக்காமல் இருக்க, அவருடைய புகைபோக்கியின் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆனால் அதற்கு முன் வண்டியின் பின்தகட்டில் இரண்டு முறை தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் குரல் வரும். "வாங்க" என்று குரல் வராமல் யாரும் அடுத்தவர் வண்டியில் கால் வைப்பதும் இல்லை.

அந்த மூன்றாவது வார வியாழக்கிழமை ஹெஸ்டர் அம்மையார் ஸ்வான்சீ நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். மாலையில் மழை வலுத்தது. புகை இல்லை, வழக்கமாகக் கதவருகே சாய்த்திருக்கும் அவருடைய மிதிவண்டியும் இல்லை. மெரிக் ஏணியில் ஏறி, பச்சைச் சாயம் வழிந்து காய்ந்திருந்த அவருடைய பழைய பெயின்ட் டப்பாவைப் புகைபோக்கியின் மேல் கவிழ்த்தான். கோபத்திலும் ஓர் உதவி செய்துவிட்டோம் என்று தன்னையே சற்று மெச்சிக்கொண்டான்.

அவன் தட்டவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று தட்டவில்லை.

அம்மையார் போகவில்லை. மிதிவண்டியை மழைக்காகக் களஞ்சியத்துக்குள் விட்டுவிட்டு, காய்ச்சலில் படுத்திருந்தார். இருட்டிய பிறகு குளிர் தாங்காமல் அடுப்பை மூட்டியிருக்கிறார். மறுநாள் காலையில், அவருடைய படிக்கட்டின் அடியில் அவருடைய காலணிகள் இருப்பதை மெரிக் பார்த்தான். ஓடினான். முதலில் கூரைக்கு ஏறினான். டப்பாவை எடுத்து ஓடையில் எறிந்தான். அதன் பிறகே கதவுக்கு வந்தான்.

அந்த வரிசையை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் தாமே பொருத்திய அடுப்பு, சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. ஞாயிறு தோறும் புகைபோக்கியைத் துடைத்துச் சுத்தம் செய்தவர், கவனக்குறைவால் இறந்தவர் என்று எழுதப்பட்டார்.

முதல் பத்து நாள்கள் அமைதியாகவே சென்றன. மார்னி கிராமத்துப் பள்ளியில் சேர்ந்தாள். அவளுடைய இருமல் குறைந்தது. பிரையனி சன்னலுக்குத் திரைச்சீலை தைத்தாள். ஓரிடத்தில் நிலைத்து இருக்கப் போகிறவர்கள்தான் திரைச்சீலை தைப்பார்கள்.

பதினோராம் நாள் மாலை, தேநீர் நேரத்தில், வண்டி மெல்லச் சாய்ந்தது.

பேருந்தில் வாழ்பவர்களுக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். யாராவது வாசல் படியில் கால் வைத்தால், அடியிலிருந்து தாங்கும் வில்பட்டைகள் முனகி, வண்டி அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை இறங்கும். கோப்பையில் தேநீர் ஒருபக்கமாக ஏறும். தளத்தில் கிடந்த நீலக் கோலி தானாக வாசலை நோக்கி உருண்டு, கதவில் மோதி நின்றது.

"பியூவாத்தான் இருக்கும். போய்த் திற," என்றாள் பிரையனி.

மெரிக் கதவைத் திறந்தான். களஞ்சியச் சுவர் வரை ஈர மண். அதில் ஒரு காலடித் தடமும் இல்லை.

அவன் கதவை மூடியபோது வண்டி மெதுவாக நிமிர்ந்தது. கருகிய ஆரஞ்சுத் தோலின் வாசம் சில நொடிகள் இருந்து, பிறகு இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அப்படியே நடந்தது. ஒரு சாய்வு, சற்று நேரம், ஒரு நிமிர்வு. வில்பட்டை பழசாகிவிட்டது என்று மெரிக் சொன்னான். பிரையனி அதை ஏற்றுக்கொண்டாள். மார்னி மட்டும், யாரோ வந்து காத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று சொன்னாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் மலை முழுவதும் மூடுபனி இறங்கியது. மறுபக்கத் தோப்பில் விழுந்த மரத்தை அறுக்க பியூ அழைத்திருந்தார். அன்று பிரையனியும் மார்னியும் ஊருக்குள் போவதாக இருந்தது. மெரிக் விடிந்ததும் புறப்பட்டுவிட்டான்.

இரண்டு மணி வரை அறுத்தார்கள். பிறகு பியூ மரத்தின் மேல் அமர்ந்து, காகிதத்தில் சுற்றிய ரொட்டியைப் பிரித்தார். ஹெஸ்டரின் தங்கை மீண்டும் எழுதியிருப்பதாகச் சொன்னார். அக்காவைப் போல் கவனமானவர் எப்படி அப்படிச் செத்தார் என்று அந்த அம்மாள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். இரவில் தூக்கமே இல்லையாம்.

"எனக்குமே புரியலப்பா," என்றார் பியூ. "நீ கிட்ட இருந்து பாத்தவன். கடைசி நாள்ல அவங்க எப்படி இருந்தாங்க? நீ சொல்றத அவங்க தங்கச்சிக்கு எழுதிடறேன்."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல கதவு ஒருவனுக்குத் திறந்து வைக்கப்படாது. மெரிக் அதன் முன் நின்றான். சொன்னால் இடம் போய்விடும், பள்ளிக்கூடம் போய்விடும், திரைச்சீலைகளை அவிழ்க்க வேண்டும், காவலர்கள் வருவார்கள். பனியில் ரம்பத்தின் பல்லிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே அவன் வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் மறதி வந்திருந்துச்சுங்க," என்றான். "அடுப்ப அப்படியே விட்டுட்டுப் போவாங்க. நான்கூட ரெண்டு தடவ சொன்னேன்."

பியூ தலையை மெல்ல ஆட்டினார். "அப்படியா. பாவம்."

அந்த வேளையில், ஒரு மூச்சளவு நேரம், மூடுபனி விலகியது. சரிவின் கீழே பண்ணை தெரிந்தது. வண்டியின் சன்னலில் விளக்கு எரிந்தது.

அவர்கள் ஊருக்குப் போகவில்லை.

விளக்கு எரிந்தது. புகை எழவில்லை.

மெரிக் ஓடினான்.

வேலியில் கை கிழிந்தது. ஓடையில் முழங்கால் வரை இறங்கி ஏறினான். அருகில் வந்தபோது கூரையைப் பார்த்தான்.

புகைபோக்கியின் மேல் ஒரு டப்பா கவிழ்ந்திருந்தது.

பச்சைச் சாயம் வழிந்து காய்ந்த டப்பா. அதிலிருந்து ஓடைப்பாசி தொங்கிக்கொண்டிருந்தது.

அவனுடைய கால்கள் ஏணியை நோக்கித்தான் முதலில் திரும்பின. முதற்படியில் கால் வைத்த பிறகே அவனுக்குத் தான் செய்வது தெரிந்தது. கீழே குதித்து, கதவைப் பிடுங்கித் திறந்து, மார்னியைக் கம்பளியோடு வாரி எடுத்தான். சுவரில் பிடித்துக்கொண்டு பிரையனி தானே இறங்கினாள். மார்னி புல்லில் வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். அவளுடைய அழுகை அன்று அவனுக்குக் கேட்டதிலெல்லாம் நல்ல ஒலியாக இருந்தது.

அவன் திரும்ப உள்ளே ஓடி, சுவரில் இருந்த வெள்ளைக் கருவியைக் கழற்றி வந்தான். அதன் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. புகை நிறைந்த அறைக்குள் அது வாய் திறக்கவே இல்லை. இப்போது, திறந்த வெளியில், சுத்தமான காற்றில், அவன் கைக்குள் அது அலறத் தொடங்கியது.

அவன் அதைத் தூர நீட்டினான். அலறல் ஓயவில்லை. பிரையனி கையை நீட்டி அதை வாங்கினாள்.

நின்றது.

அவள் கருவியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மார்னிக்குக் காலையில் காய்ச்சல் வந்ததால் ஊருக்குப் போகவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஏன் மேல ஏறி மூடுன, மெரிக்? நான்தான் பதில் சொன்னேனே."

"என்ன பதில்?"

"நீ பின்னாடி ரெண்டு தட்டு தட்டுன. உள்ளதான் இருக்கோம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் கூரை மேல நடக்குற சத்தம் கேட்டுச்சு. எழுந்து பாக்கலாம்னா தலை சுத்திடுச்சு."

மெரிக் புல்லில் உட்கார்ந்தான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல், மார்ச் மாதத்து வியாழக்கிழமையையும் மறுநாள் காலையையும் அவற்றின் சரியான வரிசையில் சொன்னான். சற்று முன் தோப்பில் சொன்ன பொய்யையும் சொன்னான். முடிந்தபோது ஒன்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு தட்டு. அதுக்கு என்ன கேடு வந்துச்சு உனக்கு?"

அவன் எழுந்து போய், புகைபோக்கியின் மேலிருந்த டப்பாவை எடுத்து வந்தான்.

அன்றே கிளம்புவது என்று முடிவாயிற்று. பியூவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள் பிரையனி. சொல்கிறேன் என்று மெரிக் வாக்குக் கொடுத்தான். பெரியவர் வாயிற்கதவருகே, கையில் பால் குடுவையோடு நின்றிருந்தார். மெரிக் கண்ணாடியை இறக்கினான்.

"என்னப்பா, தோப்புலேர்ந்தும் ஓடுன, இப்பவும் என்ன அவ்வளவு அவசரம்? இடம் பிடிக்கலையா?"

இயந்திரம் அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் பிரையனி, மடியில் மகளோடு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தரை ரொம்ப ஈரமா இருக்குங்க," என்றான் மெரிக். "பாப்பாவுக்கு ஒத்துக்கல."

பியூ திரும்பி, பண்ணையிலேயே உலர்ந்த அந்த மூலையைப் பார்த்தார். "ஹெஸ்டர் பதினோரு வருஷம் இருந்தாங்க. ஈரம்னு ஒருநாளும் சொன்னதில்ல," என்றார். பிறகு குடுவையை உள்ளே நீட்டினார். "போற எடத்துல புகைபோக்கிய மறக்காம சுத்தம் பண்ணு. அவங்கள மாதிரி அசட்டையா இருந்துடாத."

"சரிங்க," என்றான் மெரிக்.

குழந்தையின் பொருட்டு பிரையனியும் வாய் மூடிவிட்டாள். பண்ணை கண்ணாடியில் மறையும் வரை அவள் அழுதாள். அவள் அழுவது தனக்காக அல்ல என்று மெரிக்குக்குத் தெரிந்தது.

முப்பது மைல் தள்ளி, ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில், குளிர்காலத்தில் ஒருவரும் வராத கார் நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. நல்ல தார்த்தளம், தட்டுப் போல் சமம். அவர்கள் அங்கே நின்றபோது, நீரின் மேல் கடைசி வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மெரிக் கூரையில் ஏறி, புகைபோக்கிக்குள் கையை விட்டே பார்த்தான். அடைப்பு இல்லை. டப்பாவை வழியில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டாயிற்று. இறங்கி வந்து அடுப்பின் முன் மண்டியிட்டு, சுள்ளி அடுக்கி, தீப்பெட்டியை எடுத்தான். பிரையனி எல்லா சன்னல்களையும் திறந்து வைத்திருந்தாள்.

மார்னி கட்டிலிலிருந்து இறங்கி, வழக்கம் போலக் கோலியை நடுத்தளத்தில் வைத்தாள். அது அசையாமல் நின்றது.

"இங்கயும் மொத தடவையே நிக்குதுப்பா."

அப்போது, பின்தகட்டில், விரல் முட்டியால் தட்டும் ஒலி.

இரண்டு முறை.

பிரையனியின் கை மகளின் வாயை நோக்கிப் போயிற்று. ஆனால் குழந்தை, தனக்குப் பழக்கியிருந்த மரியாதை மாறாமல், அதற்குள் சொல்லிவிட்டாள்.

"வாங்க."

வில்பட்டைகள் முனகின. வண்டி வாசல் பக்கமாக ஒரு விரற்கடை இறங்கியது. கோலி உருண்டு போய்க் கதவில் மோதி நின்றது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு மாலையும் நடந்தது போல, வண்டி இப்போது நிமிர வேண்டும்.

நிமிர்ந்தது. ஆனால் கோலி கதவருகே நிற்கவில்லை. யாரோ நிதானமாக உள்ளே நடந்து வரும்போது தளம் சாய்வதைப் போல, ஓர் அடி உருண்டு, சற்று நின்று, மறுபடியும் ஓர் அடி உருண்டு, திறந்த சன்னல்களையும் மீறி எழுந்த ஆரஞ்சுத் தோலின் வாசத்தோடு வந்து, அடுப்பின் முன் மண்டியிட்டிருந்த மெரிக்கின் முழங்காலைத் தொட்டு, அங்கேயே நின்றது.